ஊருக்கு ஒருவரை விட்டுச் சென்றவர்: யோசேவாஸ் அடிகளாரின் கதை

1687ஆம் ஆண்டு. யாழ்ப்பாணத்துத் தெருக்களில் மெலிந்த பிச்சைக்காரர் ஒருவர் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தார். சில வாரங்களுக்கு முன்னர்தான் வயிற்றுளைச்சலால் சாகும் நிலைக்குப் போய்ப் பிழைத்திருந்தார். அவருடைய கழுத்தில் பெரிய செபமாலை ஒன்று வெளியே தெரியும்படி தொங்கியது. அந்த மாலையைக் கண்டதும் எந்த வீட்டுக்காரரின் முகம் மாறுகிறது என்பதை அவர் கவனித்தார். பிச்சை கேட்டதே அதற்காகத்தான்.

அந்தக் காலத்தில் அப்படியொரு மாலையை அணிந்து திரிவது ஆபத்தான காரியம். கத்தோலிக்கக் குருவானவருக்கு வீட்டில் இடம் கொடுப்பவருக்கு மரண தண்டனை என்பது ஒல்லாந்தரின் சட்டம். தெருவில் நின்ற அந்தப் பிச்சைக்காரர் உண்மையில் ஒரு குருவானவர். கோவாவில் வசதியான குடும்பத்தில் பிறந்து, இலத்தீனும் இறையியலும் கற்றவர். பெயர் யோசேவாஸ். 2015ஆம் ஆண்டு காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் புனிதராக அறிவித்தது இவரைத்தான்.

அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவர் செய்ததாகச் சொல்லப்படும் புதுமைகளைத்தான் அதிகம் சொல்வார்கள். இந்தக் கட்டுரை வேறொன்றைப் பார்க்கிறது. விசுவாசத்துக்குள் புதிதாக வந்தவர்களையும், அதை அரைகுறையாக மறந்து திரும்பி வந்தவர்களையும் அவர் எப்படி வழிநடத்தினார்? அவர் இறந்த பின்னரும் அவர்கள் எப்படி நிலைத்து நின்றார்கள்?

இந்தக் கேள்வி எங்கள் கரையில் ஏன் எழுகிறது

வினாயகபுரம், தம்பிலுவில், திருக்கோவில், கோமாரி என்று நீளும் இந்தக் கரை, யுத்தத்தையும் கடலையும் ஒன்றாகத் தாங்கியது. 2004 டிசம்பர் 26 அன்று நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம்தான். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரே காலையில் போனார்கள். அதற்கு முன்னும் பின்னும் யுத்தம் எடுத்தவை வேறு.

அந்த ஆண்டுகளில் பலர் இங்கு வந்தார்கள். கூடாரம் கொண்டுவந்தவர்கள், வள்ளம் கொண்டுவந்தவர்கள், வேதாகமம் கொண்டுவந்தவர்கள், மூன்றையும் சேர்த்துக் கொண்டுவந்தவர்கள் என எல்லோரும் இருந்தார்கள். துயரத்தில் இருந்த சிலர் மெய்யாகவே புதிய விசுவாசத்தில் ஆறுதல் கண்டார்கள். சிலர் கொஞ்சக் காலம் போனார்கள், பிறகு நின்றுவிட்டார்கள். இன்று இதைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு முறைப்பாடுகள் கேட்கும். கோயில் பக்கத்தில், உதவியைக் காட்டி ஆட்களை இழுத்தார்கள் என்பார்கள். சபைகளின் பக்கத்தில், வந்தவர்கள் நிற்கவில்லை என்பார்கள்.

இரண்டும் ஒரே கேள்வியின் இரண்டு முனைகள். ஒருவர் புதிய நம்பிக்கைக்குள் கால் வைத்த பிறகு அவருடன் கூட நடப்பவர் யார்? அழைத்துவந்தவர் போய்விட்டால் அவருக்கு யார் இருக்கிறார்கள்? முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் இதே தீவில், இதைவிடக் கடுமையான நிலைமையில், இந்தக் கேள்விக்கு ஒரு மனிதர் பதில் தேடினார்.

வாளும் தோம்பும்

யோசேவாஸ் வருவதற்கு முன் இலங்கையில் கிறிஸ்தவம் அதிகாரத்தின் நிழலில் நின்றது. இதை மறைத்துவிட்டு அவருடைய கதையைச் சொல்ல முடியாது.

1540களில் பிரான்சிஸ் சவேரியார் அனுப்பிய குருவானவர் ஒருவர் மன்னாரில் திருமுழுக்குக் கொடுத்தார். வந்தவர்கள் புதியவர்கள், அந்த நம்பிக்கையில் இன்னும் தவழும் பருவத்தில் இருந்தவர்கள். 1544இல் யாழ்ப்பாண மன்னன் சங்கிலி, அவர்களில் ஏறத்தாழ அறுநூறு பேரைக் கொன்றான். அவர்களையே இன்று மன்னார் மறைசாட்சிகள் என்கிறார்கள்.

பின்னர் போர்த்துக்கேயர் பலமடைந்தபோது அடி மறுபக்கம் விழுந்தது. 1620களில் நல்லூரும் திருக்கோணேஸ்வரமும் இடிக்கப்பட்டன. மேற்குக் கரையிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்களைக் கண்டி அரசன் செனரத் ஏற்று, அவர்களில் பெருந்தொகையானவர்களை மட்டக்களப்புப் பக்கத்தில் குடியேற்றினான். கல்முனைப் பக்கத்து முஸ்லிம் ஊர்களின் பழைய கதைகளில் அந்த நினைவு இன்னும் உண்டு.

1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கைக்குப் போனது. கத்தோலிக்கக் குருமார் நாடு கடத்தப்பட்டார்கள். ஆலயங்கள் ஒல்லாந்தரின் சீர்திருத்தச் சபைக்கு மாற்றப்பட்டன. ஒவ்வொரு கோவிற்பற்றிலும் பள்ளி நடந்தது, பள்ளியில் தோம்பு இருந்தது. பிறப்பும் திருமணமும் அதில்தான் பதியப்பட்டன. உத்தியோகம் வேண்டுமா, காணி உரிமையைக் காட்ட வேண்டுமா, அந்தச் சபையில் திருமுழுக்குப் பெற்றிருக்க வேண்டும். ஆகவே தோம்பில் பெயர்கள் பெருகின. ஞாயிறன்று சபையில் தலையைக் காட்டிவிட்டு, வீட்டில் விபூதி பூசியவர்களும் செபமாலை சொன்னவர்களும் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். பெயர் ஏட்டில் ஏறியது. கூட நடக்க ஆள் இருக்கவில்லை.

பிடிவாதமாக நின்ற கத்தோலிக்கர் இடம்பெயர்ந்தார்கள். 1670இல் மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் மாதாவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போனதாக மரபு சொல்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து வன்னிக்கு ஓடிவந்தவர்களும் அவர்களோடு சேர்ந்தார்கள். அப்படி உண்டானதுதான் மடு.

கூலியாள் வேடத்தில் வந்த குரு

யோசேவாஸ் 1651 ஏப்ரல் 21 அன்று கோவாவில் உள்ள பெனோலிம் கிராமத்தில், தாயாரின் ஊரில் பிறந்தார். தந்தையின் ஊர் சங்கோலே. கொங்கணி பேசும் பிராமணக் கத்தோலிக்கக் குடும்பம். 1676இல் குருவானார்.

1681 முதல் மூன்று ஆண்டுகள் மங்களூர்ப் பக்கத்துக் கன்னட நாட்டில் பணிசெய்தார். அங்கே ஒரு சிக்கல் இருந்தது. போர்த்துக்கல் அரசின் ஆதரவில் இருந்த ஆயர்களும், உரோமை நேரடியாக நியமித்த ஆயரும் அந்த மக்கள் யாருக்குச் சொந்தம் என்று இழுபறிப்பட்டார்கள். யோசேவாஸ் அந்தச் சண்டையைத் தணிக்கப் பார்த்தார். அதோடு சிறு சிறு பள்ளிகளையும் பக்திச் சபைகளையும் தொடங்கினார். தான் போனாலும் ஊரில் ஏதோ ஒன்று நிற்க வேண்டும் என்ற பழக்கம் அங்கேயே தெரிகிறது.

கோவா திரும்பியபின் 1685இல் உள்ளூர்க் குருமார் சிலரோடு சேர்ந்தார். அந்தக் குழு ஒரட்டோரியன் சபையாக உருவெடுத்தது. முழுக்க இந்தியக் குருமாரைக் கொண்ட துறவற சபை அது. குறையும் உண்டு: பிராமணக் குடும்பங்களில் பிறந்தவர்களை மட்டுமே அது சேர்த்தது. ஆனால் அந்தச் சபையிலிருந்து இலங்கைக்குப் புறப்பட்டவர் எடுத்த வேடம் கூலியாளுடையது. ஐரோப்பியக் குருவானவர் ஒருவரைத் துறைமுகத்திலேயே ஒல்லாந்தர் பிடித்துவிடுவார்கள். எங்கள் நிறத்தில், எங்கள் உடையில், வெறுங்காலோடு வருபவரைப் பிரித்தறிவது கடினம்.

யோவான் என்ற பணியாளர் ஒருவரோடு 1686இல் புறப்பட்டார். தலைச்சேரி, கொல்லம் வழியாகத் தூத்துக்குடி வந்தார். 1687இல் கடலில் ஏறினார். புயல் வள்ளத்தை அலைக்கழித்து மன்னாரில் ஒதுக்கியது. அங்கிருந்து யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தபோது நிற்கவே முடியாத நோய். அந்நிய ஊரில் வீதியோரத்தில் கிடந்தவருக்குக் கஞ்சி கொடுத்துக் காப்பாற்றியவர் அவ்வூர்ப் பெண் ஒருவர் என்கிறார்கள். வழிகாட்ட வந்தவர் முதலில் ஊராரின் இரக்கத்தில் உயிர் பிழைத்தார். இந்தத் தொடக்கம் அவருடைய பிற்காலத்து நடத்தையை விளங்கிக்கொள்ள உதவுகிறது.

சில்லாலையின் இரவுகள்

செபமாலைக்கு முகம் மாறிய வீடுகளை அவர் மெதுவாகச் சோதித்தார். நம்பிக்கை வந்த பிறகே தான் யார் என்று சொன்னார். பின்னர் பண்டத்தரிப்புக்கு அருகே, கத்தோலிக்கர் உறுதியாக இருந்த சில்லாலைக்கு மாறினார். பகலில் மறைந்திருந்து இரவில் நடந்தார். இருட்டிய பின் ஒரு வீட்டில் கூடுவார்கள். பாவசங்கீர்த்தனம் கேட்பார், பிள்ளைகளுக்குத் திருமுழுக்குக் கொடுப்பார், திருப்பலி நடத்துவார், விடியுமுன் அடுத்த ஊர்.

அங்கே வந்தவர்கள் எத்தகையவர்கள்? ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாகக் குருவானவரைக் கண்டிராத மக்கள். செபங்களைத் தாயிடமிருந்து கேட்டுப் பாடமாக்கியவர்கள், பாதியை மறந்தவர்கள், ஒல்லாந்தர் சபையில் பெயர் பதிந்துவிட்டுக் குற்ற உணர்வோடு இருந்தவர்கள். புதிதாக விசுவாசத்தைத் தேடிவந்தவர்களும் இருந்தார்கள். இவர்கள் எல்லோருக்கும் ஆரம்பத்திலிருந்து சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. அவர் தமிழைக் கற்று, மக்கள் பேசும் மொழியிலேயே சொல்லிக்கொடுத்தார்.

செய்தி ஒல்லாந்தருக்கு எட்டியது. 1689 நத்தார் இரவில் படையினர் வீடுகளுக்குள் புகுந்தார்கள். யோசேவாஸ் தப்பினார். பிடிபட்டவர்கள் ஊரார். பலருக்குத் தண்டம், சிலருக்குக் கசையடி. ஒல்லாந்தர் சபையை விட்டுக் கத்தோலிக்கரான ஒருவர் அடியிலேயே உயிர்விட்டார். வேறு சிலர் விலங்கோடு கட்டாய வேலைக்கு அனுப்பப்பட்டார்கள்.

சுற்றிவளைப்பு என்ற சொல்லின் அர்த்தம் தெரிந்த எங்களுக்கு அந்த இரவை விளக்கத் தேவையில்லை. வெளியிலிருந்து வந்தவர் தப்பிவிடுவார், இடம் கொடுத்தவர் அகப்படுவார். அந்தக் கணக்கு அன்றும் அப்படித்தான் இருந்தது. அந்த இரவுக்குப் பிறகு அவருடைய பணியின் அமைப்பில் ஊராரின் இடம் பெரிதாகிக்கொண்டே போனது.

சிறைக்குள் ஒரு பாடசாலை

1690இல் யோசேவாஸ் கண்டி இராச்சியத்துக்குள் இருந்த புத்தளத்துக்கு வந்து ஓராண்டுக்கு மேல் பணிசெய்தார். 1692இல் கண்டிக்குப் போனார். அங்கே பிரெஞ்சுக்காரர் ஒருவர் அவரைப் போர்த்துக்கேய உளவாளி என்று அரசனிடம் சொல்லிவிட்டார். இரண்டாம் விமலதர்மசூரியன் அவரைச் சிறையில் அடைத்தான்.

சிறையில் அவர் சிங்களம் கற்றார். காவல் தளரத் தளர, அடைபட்டிருந்த இடத்திலேயே ஓலைக் குடிசை போட்டு ஆலயமாக்கினார். கண்டியில் அக்காலத்தில் கத்தோலிக்கர் கணிசமாக இருந்தார்கள். போரில் பிடிபட்ட போர்த்துக்கேயரின் வாரிசுகளும் அவர்களில் இருந்தார்கள். முதலில் பயந்து பயந்து வந்தவர்கள் பிறகு துணிந்து வந்தார்கள். வறட்சிக் காலத்தில் அவர் செபித்து மழை வந்ததாக மரபு ஒன்று உண்டு. எப்படியோ அரசன் அவரை விடுதலை செய்தான், பாதுகாப்பும் கொடுத்தான். அந்த அரசன் பௌத்தன், கடைசிவரை பௌத்தனாகவே இருந்தான். போர்த்துக்கேயரால் துரத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு இடம் கொடுத்த அதே இராச்சியம், ஒல்லாந்தரால் துரத்தப்பட்ட கத்தோலிக்கருக்கும் இடம் கொடுத்தது.

மூப்பர், அண்ணாவி, சங்கிலித்தாம்

இனித்தான் கதையின் மையம். ஒரே ஒரு குருவானவர். யாழ்ப்பாணம், மன்னார், வன்னி, புத்தளம், நீர்கொழும்பு, கொழும்பு, கண்டி என்று சிதறிக் கிடந்த மக்கள். வாகனம் இல்லை, காட்டுப் பாதை, யானை, காய்ச்சல், ஒல்லாந்தரின் காவல். ஓர் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி வர ஓராண்டு ஆகலாம், இரண்டாண்டும் ஆகலாம். இடைப்பட்ட காலத்தில் புதிதாக வந்தவர் என்ன ஆவார்?

யோசேவாசும் அவருக்குப் பின்வந்த ஒரட்டோரியன் குருமாரும் இந்தச் சிக்கலை ஊர்க்காரரைக் கொண்டே தீர்த்தார்கள். கத்தோலிக்க ஊர்கள்தோறும் பொறுப்புகள் பகிரப்பட்டன. மூப்பர் சமூகத்தின் தலைவர். நோயாளி யார், சண்டை பிடித்தவர்கள் யார், திருமணத்துக்கு ஆயத்தமானவர்கள் யார், வராமல் நின்றுவிட்டவர் யார் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். குருவானவர் வந்ததும் அவரிடம் இவற்றைச் சொல்ல வேண்டும். சாகும் நிலையில் உள்ள குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுப்பதும் மரணப் படுக்கையில் இருப்பவரின் அருகில் செபிப்பதும், குரு இல்லாத வேளையில் ஊராரின் கடமை.

அண்ணாவி ஆசிரியர். கூத்து அண்ணாவியாரை அறிந்தவர்களுக்கு இந்தச் சொல் புதிதல்ல. பாட்டையும் அடவையும் பழக்குபவரை அழைக்கும் அதே சொல்லால், செபத்தைப் பழக்குபவரையும் மக்கள் அழைத்தார்கள். ஞாயிறன்று மக்களைக் கூட்டிச் செபம் நடத்துவதும், பிள்ளைகளுக்கும் புதியவர்களுக்கும் ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பதும், ஏட்டை வாசித்துக் காட்டுவதும் அவர் வேலை. ஆலயத்தைத் திறந்து, விளக்கேற்றி, பொருட்களைப் பாதுகாப்பவர் சங்கிலித்தாம். போர்த்துக்கேயச் சொல் எங்கள் வாயில் தமிழாகிவிட்டது. வடக்கின் பழைய ஆலயங்களில் இந்தப் பெயர்கள் இன்றும் வழக்கில் உண்டு.

இவர்களில் எவரும் சம்பளத்துக்கு இருந்தவர்கள் அல்லர். மீன்பிடித்தவர்கள், கமம் செய்தவர்கள். புதிதாக வந்தவருக்குச் சந்தேகம் வந்தால் பக்கத்து வீட்டுக்குப் போய்க் கேட்கலாம். தடுமாறினால் காண்பதற்கு ஒருவர் இருந்தார். குருவானவர் ஆண்டுக்கொரு தரம் வந்தார், அண்ணாவி ஒவ்வொரு நாளும் இருந்தார்.

திருமுழுக்குக்கு முன் கற்பித்தல் கட்டாயம் என்பதில் யோசேவாஸ் அவசரப்படவில்லை. செபங்களை மனப்பாடம் செய்வது ஒரு படி, அவற்றின் பொருளை உணர்வது அடுத்த படி. எழுத்தறியாதவருக்காகப் பாட்டும் காட்சியும் வந்தன. பெரிய வெள்ளிக் காலத்தில் கிறிஸ்துவின் பாடுகளைச் சுரூபங்கள் கொண்டு காட்டும் வழக்கத்தை வன்னியில் தொடங்கியவர் இவர் என்பார்கள். இலங்கையின் பாஸ்கு மரபுக்கு அது ஒரு வேர். துன்பப்பட்ட மக்களுக்குத் துன்பப்பட்ட ஒருவரின் கதை கண்முன் காட்டப்பட்டது. அதற்கு நீண்ட பிரசங்கம் தேவைப்படவில்லை.

இன்னொன்றிலும் அவர் கண்டிப்பாக இருந்தார். மக்களிடம் பணக் காணிக்கை எதிர்பார்ப்பதில்லை. கிடைத்த தர்மம் ஏழைகளுக்குப் போனது. விசுவாசத்துக்கு வருபவர் எதையும் கொடுத்து வர வேண்டியதில்லை, எதையும் பெறுவதற்காகவும் வர வேண்டியதில்லை என்ற நிலையை அது உண்டாக்கியது.

வைசூரி வந்த ஆண்டு

1697இல் கண்டியில் வைசூரி பரவியது. அரசனும் பிரபுக்களும் நகரை விட்டு வெளியேறினார்கள். நோய் கண்டவர்களைச் சொந்தக்காரரே காட்டோரத்தில் விட்டுவிட்டுப் போனார்கள். அந்தக் காலத்து அச்சம் அப்படி.

யோசேவாசும், அவருடைய உறவினரான கர்வாலோ அடிகளாரும் நகரிலேயே நின்றார்கள். குடிசைகள் போட்டு நோயாளிகளைக் கொண்டுவந்து கிடத்தினார்கள். புண்ணைக் கழுவினார்கள், கஞ்சி ஊட்டினார்கள், இறந்தவர்களைச் சுமந்துபோய் அடக்கம் செய்தார்கள். மாதக்கணக்கில் இது நடந்தது. பௌத்தரா, கத்தோலிக்கரா என்று பார்க்கவில்லை. நோய் தணிந்து திரும்பிய அரசன், தன் இராச்சியத்தில் அவர் தடையின்றிப் பணிசெய்ய இடமளித்தான்.

வழிநடத்தல் என்பதைப் போதனை என்று மட்டும் நினைப்பவர்கள் இந்த ஆண்டைப் பார்க்க வேண்டும். புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்கள் அந்த இரண்டு மனிதர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செபத்தில் சொல்லப்படும் அன்பு, கையில் எப்படி இருக்கும் என்பது அங்கே தெரிந்தது. அந்த உதவிக்கு நிபந்தனை இருக்கவில்லை என்பதையும் அவர்கள் பார்த்தார்கள்.

பின்வருபவரை வளர்த்தல்

தனியே வந்தவர் தனியாகவே இருந்துவிடவில்லை. 1696, 1697 காலத்தில் கோவாவிலிருந்து தோழர்கள் வந்து சேர்ந்தார்கள். கொச்சி ஆயர் அவரை இலங்கைக்கான குருமுதல்வராக நியமித்தார். 1705இல் இன்னொரு குழு வந்தது. அதில் ஒருவர்தான் யாக்கோமே கொன்சால்வெஸ்.

கொன்சால்வெஸ் மொழியில் வல்லவர். தமிழிலும் சிங்களத்திலும் செபநூல்கள், வேதாகமக் கதைகள், பிரசங்கங்கள் என்று எழுதிக் குவித்தார். தவக்காலத்தில் வடக்கின் ஆலயங்களில் இன்றும் இராகத்தோடு பாடப்படும் வியாகுலப் பிரசங்கம் அவருடையது. ஒவ்வோர் ஊரின் அண்ணாவிக்கும் கையில் வைத்து வாசிக்க ஏதாவது வேண்டும் என்ற தேவைக்குக் கிடைத்த பதில் இந்த நூல்கள். யோசேவாஸ் ஆட்களை ஆயத்தம் செய்தார், கொன்சால்வெஸ் அவர்களின் கையில் ஏட்டைக் கொடுத்தார்.

அதே காலத்தில் உரோமையின் தூதராக இந்தியா வந்திருந்த தூர்னோன், யோசேவாசை ஆயராக்க விரும்பினார். அவர் மறுத்துவிட்டார். நாட்டைப் பணித்தளங்களாகப் பிரித்து ஒவ்வொன்றையும் ஒருவரிடம் ஒப்படைத்து, தானும் ஒருவராகத் தொடர்ந்து நடந்தார்.

1707இல் நரேந்திரசிங்கன் அரசனானான். அவனும் அடிகளாரை மதித்தான். ஆனால் உடல் தாங்கவில்லை. 1710இல் நோயோடு இன்னொரு பயணம் போய்த் திரும்பியவர் படுத்துவிட்டார். 1711 ஜனவரி 16 அன்று கண்டியில் இறந்தார். அப்போது வயது 59. இருபத்துநான்கு ஆண்டுகள் இந்தத் தீவில் இருந்தவர் ஒருமுறைகூடக் கோவா திரும்பவில்லை.

ஆலயம் போனது, மக்கள் நின்றார்கள்

உண்மையான சோதனை அதற்குப் பிறகுதான் வந்தது. 1740களில் கண்டியின் நிலைமை மாறியது. குருமார் வெளியேற்றப்பட்டார்கள், ஆலயங்கள் அழிக்கப்பட்டன. யோசேவாசின் கல்லறை இருந்த இடமும் மறைந்துபோனது. இன்றுவரை அது எங்கே என்று யாராலும் உறுதியாகக் காட்ட முடியவில்லை.

மக்கள் நின்றார்கள். மாத்தளைப் பக்கத்து வாஹக்கோட்டை போன்ற ஊர்களில், குருவானவர் இல்லாத நீண்ட காலத்திலும் ஊராரே செபத்தைக் காப்பாற்றினார்கள். 1796இல் ஒல்லாந்தர் போய்ப் பிரித்தானியர் வந்தார்கள். 1806இல் ஆளுநர் மெயிற்லண்ட் கத்தோலிக்கர் மீதான தடைகளை நீக்கினார். மறைவில் இருந்தவர்கள் வெளியே வந்தபோது சமூகமாகவே வெளியே வந்தார்கள்.

ஒல்லாந்தரின் தோம்பில் இருந்த பெரும்பாலானோர் என்ன ஆனார்கள்? கட்டாயம் நீங்கியதும் அவரவர் பழைய வழிக்குப் போனார்கள். ஒன்றரை நூற்றாண்டு அரசாங்கமும் பள்ளிக்கூடமும் பதிவேடும் கட்டிய சபை, ஆட்சி போனதும் சுருங்கிவிட்டது. அரசாங்கம் துரத்திய சபை நிலைத்தது. ஏட்டில் பெயர் எழுதியவருக்கும் வீட்டுக்கு வந்து பார்த்தவருக்கும் உள்ள வித்தியாசம் அது.

மட்டக்களப்பின் கதையிலும் இதன் சாயல் உண்டு. 1814இல் மெதடிஸ்த மிஷனரியாக வந்த வில்லியம் ஓல்ட், ஓராண்டு முடியுமுன் 1815இல் அங்கேயே இறந்தார். அவர் தொடங்கிய கல்விப்பணி அவரோடு முடியவில்லை. இன்றைய மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரி அதன் தொடர்ச்சிதான்.

இன்று இதில் எங்களுக்கு என்ன

1995 ஜனவரி 21 அன்று பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் கொழும்பில் யோசேவாசை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். 2015 ஜனவரி 14 அன்று பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக்கினார். அன்றே பிரான்சிஸ் மடுவுக்கும் போனார். 1999 நவம்பரில் தஞ்சமடைந்திருந்த மக்கள் எறிகணையில் இறந்த இடம் அது. 2008இல் மாதாவின் சுரூபம் மீண்டும் ஒருமுறை இடம்பெயர்ந்து தேவன்பிட்டிக்குப் போனதும் அங்கிருந்துதான். முந்நூறு ஆண்டு இடைவெளியில் அதே சுரூபம், அதே காடு, அதே ஓட்டம்.

அம்பாறைக் கரையில் இந்துக்களும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் ஒரே சந்தையில், ஒரே கடலில் பிழைக்கிறோம். இங்கே ஒருவர் விசுவாசம் மாறினால் அது அவருடைய வீட்டை, திருமணத்தை, மயானத்தை எல்லாம் தொடும். உறவினர் விலகலாம். அழைத்துவந்த போதகர் மாற்றலாகிப் போகலாம். உதவித் திட்டம் முடியலாம். அந்த நேரத்தில் அவர் இரண்டு கரைக்கும் இல்லாதவராக நிற்கக் கூடாது. புதியவர்களை ஏற்கும் எந்தச் சபைக்கும் இந்தப் பொறுப்பு உண்டு.

யுத்தத்தில் இழந்தவருக்கு இது இன்னும் கூர்மையானது. காணாமல்போன பிள்ளையைத் தேடும் தாய் ஒருத்தி செபக்கூட்டத்துக்கு வருகிறாள் என்றால், அவளுக்கு வசனம் சொல்ல முன், அவள் சொல்வதைக் கேட்க ஆள் வேண்டும். அது ஒரு வாரத்து வேலையல்ல. வெளியூரிலிருந்து ஒலிபெருக்கியோடு வருபவரால் அதைச் செய்ய முடியாது. பக்கத்து வீட்டில் இருப்பவரால் முடியும். யோசேவாஸ் தேடித் தேடி ஆயத்தம் செய்தது அந்தப் பக்கத்து வீட்டுக்காரரைத்தான்.

அவர் வாழ்க்கை சபைகளுக்கு மட்டுமான பாடமும் அல்ல. உளவளத் துணை, விதவைகளுக்கான வாழ்வாதாரம், இளைஞர் பணி என்று எந்தப் பெயரில் எங்கள் ஊர்களுக்கு வருபவர்களிடமும் கேட்க ஒரு கேள்வி அதில் உண்டு. நீங்கள் போன பிறகு இந்த ஊரில் யார் இருப்பார்? உள்ளூரில் ஒருவரைப் பழக்கி, பொறுப்பை ஒப்படைத்து, பிறகு அவரை நம்பி விலகுவதற்குப் பொறுமை வேண்டும். எண்ணிக்கை கேட்கும் அறிக்கைகளில் அந்தப் பொறுமைக்கு நிரல் கிடையாது.

யோசேவாஸ் அடிகளாரின் திருவிழா ஜனவரி 16. தைப்பொங்கல் முடிந்த கையோடு வரும் நாள். கல்லறை தெரியாததால் பூ வைக்க ஓர் இடம் இல்லை. அவர் பழக்கிவிட்ட வழக்கப்படி, வடக்கில் எங்கோ ஓர் ஆலயத்தில் அண்ணாவி அன்றும் செபத்தைத் தொடக்குவார், சனம் சேர்ந்து சொல்லும்.